டைக்ரோமேட் இல்லாமல் கறுப்பு-வெள்ளை ஸ்லைடு: தோல் பட்டறைக்காரரிடம் கிடைத்த விடை

கறுப்பு-வெள்ளை ஃபிலிமை நெகட்டிவாகக் கழுவாமல் நேரடியாக ஸ்லைடாகவே (ஒளி பாய்ச்சினால் நேர்ப்படம் தெரியும் ஃபிலிமாகவே) எடுக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் வந்து முட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: பிளீச். டெவலப்பர் எளிது, கடைசியில் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ எளிது, நடுவில் கறுத்த வெள்ளியைக் கரைத்தெடுக்கும் அந்தச் சில நிமிடக் குளியல்தான் தகராறு. பழைய புத்தகம் எதைப் புரட்டினாலும் பொட்டாசியம் டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் என்று இருக்கும். கோடாக் நிறுவனத்தின் ஆர்-9 சூத்திரம் இன்றும் பலர் கையில் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9.5 கிராம் டைக்ரோமேட், 12 மி.லி. அடர் கந்தக அமிலம். மலிவு, பாட்டிலில் மாதக்கணக்கில் கெடாது, ஃபிலிமுக்கும் சேதம் வராது. வேலையை மட்டும் வைத்துப் பார்த்தால் அதற்கு ஈடு கிடையாது.

ஆனால் வேலூரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கலக்க எனக்கு மனம் வரவில்லை. டைக்ரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் இருப்பது. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ராணிப்பேட்டை சிப்காட். அங்கே டைக்ரோமேட் தயாரித்த ஆலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் திறந்த வெளியில் மலையாகக் குவிந்து, மழைநீரோடு இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளை மஞ்சளாக்கிய கதை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பாலாற்றுக் கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-இல் கொடுத்த தீர்ப்பைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்கப் படிக்கிறார்கள். வழக்குப் போட்டதே வேலூர்க்காரர்கள்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆர்-9 ஒரு லிட்டரில் இருக்கும் 9.5 கிராம் டைக்ரோமேட்டில் குரோமியம் மட்டும் சுமார் 3.4 கிராம். குடிநீரில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.05 மில்லி கிராம். அப்படியானால் நான் சாக்கடையில் ஊற்றுகிற ஒரு லிட்டர் பிளீச், 67 ஆயிரம் லிட்டர் தண்ணீரை வரம்பு வரை கொண்டுபோய் நிறுத்தும். கோடையில் தெருவுக்கு வரும் 12 ஆயிரம் லிட்டர் லாரி ஐந்தரை. ஒரு பொழுதுபோக்குக்கு இது கட்டுப்படியாகாது.

அதனால் வேறு என்னென்ன வழி இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

நேரடியாக ஸ்லைடாக்கும் இந்த முறைக்கு ரிவர்சல் என்று பெயர். அது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பிளீச் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பது புரியும். முதல் டெவலப்பரில் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கறுப்பு வெள்ளியாக மாறுகிறது. வெளிச்சம் படாத சில்வர் புரோமைடு அப்படியே பால் நிறத்தில் நிற்கிறது. இப்போது கறுப்பு வெள்ளியை மட்டும் கரைத்து வெளியேற்ற வேண்டும், பால் நிறத்தைத் தொடக் கூடாது. அப்புறம் மிச்சமிருப்பதற்கு வெளிச்சம் காட்டி இரண்டாம் முறை டெவலப் செய்தால் நேர்ப்படம். ஆக, பிளீச் செய்ய வேண்டியது வெள்ளியைத் தண்ணீரில் கரையும் உப்பாக மாற்றுவது. வெள்ளியின் உப்புகளில் தண்ணீரில் உருப்படியாகக் கரைகிறவை சொற்பம். சல்பேட் ஓரளவு, நைட்ரேட் நன்றாக, அசிடேட் சுமாராக. நமக்கு ஆகக்கூடியவை அவ்வளவுதான். குளோரைடோ புரோமைடோ கலந்த பிளீச் எதுவும் உதவாது, வெள்ளி கரையாமல் மறுபடியும் ஃபிலிமுக்குள்ளேயே உப்பாக உட்கார்ந்துகொள்ளும். இந்த ஒரு விதியிலேயே பாதிப் பட்டியல் அடிபட்டுப்போகிறது.

மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சாப்பாட்டு உப்பும் சேர்ந்த பிளீச் அப்படி அடிபட்டது. நாட்டு மருந்துக் கடையிலேயே இரண்டும் கிடைக்கும், பார்க்க நீலமாக அழகாக இருக்கும், கறுப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். ஆனால் கறுப்பு போன இடத்தில் சில்வர் குளோரைடு வந்து நிற்கிறது. அதை மட்டும் அமோனியாவில் கரைத்தெடுக்கலாம், புரோமைடு அமோனியாவில் அவ்வளவாகக் கரையாது என்று ஒரு வாதம் உண்டு. செய்து பார்த்தேன். குளோரைடு முழுக்கப் போவதற்குள் படத்தின் நிழற்பகுதி மெலிந்துவிடுகிறது, வீடு முழுக்க அமோனியா நாற்றம் வேறு. ஃபெர்ரிசயனைடும் இதே கதைதான், அதோடு ஹைப்போ சேர்த்தால் வைத்திருக்க வேண்டிய புரோமைடும் சேர்ந்து கரையும். பெர்சல்பேட் மிக மெதுவு. சீரியம் சல்பேட் சுத்தமாக வேலை செய்யும் பொருள், ஆனால் விலையைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டேன்.

மிஞ்சியவை இரண்டு: பொட்டாசியம் பர்மாங்கனேட், ஹைட்ரஜன் பெராக்சைடு.

சோதிக்க நல்ல ஃபிலிமை வீணாக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டதால் சில ஸ்கேன் சென்டர்களில் காலாவதியான எக்ஸ்ரே ஃபிலிம் பெட்டி தூசி படிந்து கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் எமல்ஷன் (வெள்ளி உப்பைத் தாங்கும் ஜெலட்டின் படலம்), சிவப்பு விளக்கில் வெட்டலாம். விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, மீதிப் பாதிக்கு வெளிச்சம் காட்டி, நன்றாக டெவலப் செய்து அலசிக்கொள்வேன். ஹைப்போவில் போடுவதில்லை. இப்போது துண்டின் ஒரு பாதி தார் மாதிரிக் கறுப்பு, மறு பாதி பால் நிறம். இதற்கு மேல் லைட்டைப் போட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம்.

இந்தத் துண்டில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். கறுப்புப் பாதி எவ்வளவு நேரத்தில் கண்ணாடியாகிறது என்பது ஒன்று. பிளீச் ஆனதும் மறுபடி டெவலப்பரில் போட்டால் அந்தக் கண்ணாடிப் பாதி கண்ணாடியாகவே இருக்கிறதா, சாம்பல் பூக்கிறதா என்பது அடுத்தது. கடைசியாகக் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் ஒரு கீறு. எமல்ஷன் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதை நகம் சொல்லிவிடும். எக்ஸ்ரே ஜெலட்டின் சாதாரண ஃபிலிமை விட மென்மை. அதில் தாங்குவது மற்றதில் கட்டாயம் தாங்கும்.

பர்மாங்கனேட்டை முதலில் பேட்டரி அமிலத்தோடு சேர்த்துச் செய்தேன். பேட்டரிக் கடையில் கேனில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கந்தக அமிலம், மீதி தண்ணீர். அடர் அமிலத்தைக் கையாள்வதை விட இது எவ்வளவோ மேல். கறுப்பு மூன்று நிமிடத்தில் போய்விட்டது. ஊதாக் கரைசலில் இருந்து எடுத்த துண்டு காவி நிறமாக இருக்கும், அது மாங்கனீஸ் டை ஆக்சைடு கறை. மெட்டாபைசல்பைட் கரைசலில் போட்டதும் கண் முன்னாலேயே கறை கரைந்து ஓடுகிறது. வேகம், தெளிவு எல்லாம் சரி. நகத்தை வைத்தேன், எமல்ஷன் வெண்ணெயாக வழித்துக்கொண்டு வந்தது. சித்திரை மாதம் அது, குழாய்த் தண்ணீரே 34 டிகிரி. ஐஸ் போட்டு 20-க்கு இறக்கிச் செய்தபோது கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் ஓரங்களில் ஜெலட்டின் உரிந்து சுருண்டது.

டைக்ரோமேட்டில் ஏன் இது நடப்பதில்லை? அதே அமிலம்தானே அதிலும் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது ஃபோட்டோக்காரர் யாரிடமும் இல்லை. மேல்விஷாரத்தில் தோல் ஷாப்பில் காலம் முழுக்க ரசாயனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாய் ஒருவரிடம். என் தம்பியின் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்து இலை. நான் எமல்ஷன் உரிகிற கதையைச் சொன்னதும் சாம்பாரைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"ஜெலட்டின்னா இன்னா தம்பி? மாட்டுத் தோலு, எலும்பு. நீ வூட்டுல பண்றது ஃபோட்டோ வேலை இல்ல, நம்ம வேலை."

ஜெலட்டினும் தோலும் ஒரே புரதம், கொலாஜன். டைக்ரோமேட் வெள்ளியைக் கரைக்கும்போது தானும் மாறி மூன்று இணைதிறன் குரோமியமாகிறது. அந்தக் குரோமியம்தான் கொலாஜன் இழைகளைக் குறுக்கே கட்டிப் போடுகிறது. தோல் ஷாப்பில் அடுக்கிவைத்திருக்கும் வெட்-புளூ தோலின், அதாவது குரோமில் பதனிட்ட ஈரத் தோலின், நீலம் அதனால் வருவதுதான். ஆக ஆர்-9 குளியல் பிளீச் செய்துகொண்டே ஃபிலிமைப் பதனிட்டும் விடுகிறது. பாய் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் இரண்டு தொட்டி முறை என்று ஒன்று இருந்ததாம். முதல் தொட்டியில் டைக்ரோமேட்டும் அமிலமும், இரண்டாம் தொட்டியில் ஹைப்போ. 1884-இல் அமெரிக்காவில் ஷுல்ட்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய முறை அது. மூன்றுமே நம் டார்க் ரூம் அலமாரியில் இருக்கும் சரக்கு.

பர்மாங்கனேட்டுக்கு இந்தக் குணம் இல்லை. மாங்கனீஸ் கொலாஜனைக் கட்டாது. அமிலம் மட்டும் தன் வேலையைச் செய்து ஜெலட்டினை ஊத வைக்கிறது.

"சரி பாய், குரோம் போடக் கூடாது. வேற எதைப் போட்டு இறுக்கறது?"

படிகாரம் போடலாமா என்று நானே கேட்டேன். ஹைப்போவில் படிகாரம் சேர்ப்பது ஃபோட்டோவில் பழைய பழக்கம்தானே. பாய் உதட்டைப் பிதுக்கினார். படிகாரத்தில் பதனிட்ட தோல் தண்ணீரில் ஊறினால் மறுபடி பச்சைத் தோலாகிவிடும், அமிலத்தில் அதன் பிடி நிற்காது என்றார். எக்ஸ்ரே துண்டில் போட்டுப் பார்த்தபோதும் அப்படித்தான். பிளீச்சுக்கு முன்னால் படிகாரம் கொடுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை, எல்லாம் முடிந்து கடைசியில் கொடுத்தால் நன்றாக இறுகுகிறது. கடுக்காயும் ஆவாரம் பட்டையும் குரோமுக்கு முந்திய வட ஆர்க்காட்டுச் சரக்கு. ஆவலில் கடுக்காய்க் கஷாயத்திலும் ஒரு துண்டை ஊற வைத்தேன். இறுகியது உண்மை, ஆனால் ஸ்லைடின் வெள்ளை எல்லாம் தேநீர் நிறம். இன்றைய தோல் ஷாப்புகளில் புழங்கும் குளூட்டரால்டிஹைடு நன்றாகக் கட்டும் என்று பாயே சொன்னார். அதன் ஆவி மூச்சுக்குழாய்க்கு ஆகாது, ஒரு விஷத்துக்குப் பதில் இன்னொன்றை வாங்கி என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

வேலைக்கு ஆனது அவர் போகிற போக்கில் சொன்ன வேறொரு விஷயம். தோலை அமிலத்தில் போடுவதற்கு முன்னால் டிரம்மில் உப்புத்தான் முதலில் போகும். உப்பில்லாமல் அமிலம் ஊற்றினால் தோல் ஊதிப் பாழாகிவிடும், உப்பு இருந்தால் அதே அமிலத்தில் தோல் அடங்கிக் கிடக்கும். தோல்காரர்கள் பிக்கிள் என்று சொல்லும் இந்தக் கட்டத்தில் சிறு பையனுக்குக்கூட இந்த வரிசை தெரியும் என்றார். கரைசலில் உப்பு மிகுந்திருந்தால் ஜெலட்டினுக்குள் தண்ணீர் புகும் உந்துதல் குறைகிறது, அவ்வளவுதான் ரகசியம்.

சாப்பாட்டு உப்பை என்னால் போட முடியாது, குளோரைடு ஆகாது. ஆனால் உப்பு என்றால் குளோரைடு மட்டுமா? சோடியம் சல்பேட் இருக்கிறதே. துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் மூட்டையாக வாங்கும் சரக்கு, விலை ஒன்றுமில்லை, வெள்ளிக்கும் பகையில்லை. வெப்ப நாடுகளில் டெவலப்பரோடு சோடியம் சல்பேட் சேர்க்கும் வழக்கம் ஃபோட்டோ உலகிலும் பழையதுதான், பிளீச்சில் சேர்க்க எனக்குத்தான் தோன்றவில்லை. பேட்டரி அமிலத்தையும் விட்டுவிட்டு, அதற்குப் பதில் சோடியம் பைசல்பேட்டுக்கு மாறினேன். நீச்சல் குளத்துக்குப் போடும் உலர்ந்த அமிலப் பொடி அது. சென்னை பாரிமுனைக் கெமிக்கல் கடைகளில் சில்லறைக்குக் கிடைக்கிறது. பஸ்ஸில் பையில் போட்டு எடுத்து வரலாம். கரைந்தால் அமிலத்தையும் கொடுக்கிறது, கூடவே சல்பேட் உப்பையும் கொடுக்கிறது.

பைசல்பேட்டோடு சோடியம் சல்பேட்டும் சேர்த்த துண்டை எடுத்து நகத்தை வைத்தபோது ஒரு கோடு விழுந்தது, ஜெலட்டின் வழிந்து வரவில்லை. ஓரம் தட்டையாக ஒட்டியே இருந்தது. அலசும்போது கொஞ்சம் ஊதுகிறது, ஆனால் உரியவில்லை. பேட்டரி அமிலத்தை விட பிளீச் ஆக ஓரிரு நிமிடம் கூடுதல். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்த வில்லன் தண்ணீர். வடிகட்டிய தண்ணீரில் கலந்த பிளீச்சில் கண்ணாடி மாதிரி தெளிந்த துண்டு, எங்கள் தெரு போர் தண்ணீரில் கலந்ததில் இரண்டாம் டெவலப்பருக்குப் பிறகு மெல்லிய சாம்பல் படலத்தோடு வந்தது. டிடிஎஸ் மீட்டரை வைத்தால் இந்தத் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டும். உப்புக் கரிப்பு நாக்கிலேயே தெரியும். அந்தக் குளோரைடுதான் காரணம். பிளீச் கரைத்த வெள்ளியை அது ஃபிலிமுக்குள்ளேயே சில்வர் குளோரைடாகப் பிடித்து வைக்கிறது, இரண்டாம் டெவலப்பர் அதையும் சேர்த்துக் கறுப்பாக்குகிறது. சந்தேகம் இருந்தால் தண்ணீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள், எங்கள் போர் தண்ணீர் உடனே மோராகும். ஆர்ஓ தண்ணீர் மெல்லிசாகப் புகைந்து நிற்கும், அது போதும். பிளீச் கலக்க, பிளீச்சுக்கு முந்திய கடைசி அலசல், பிளீச்சுக்குப் பிந்திய முதல் அலசல், இந்த மூன்றுக்கும் ஆர்ஓ கேன் தண்ணீர் கட்டாயம். மற்ற அலசல்களுக்கு எந்தத் தண்ணீரானாலும் சரி. ஸ்லைடில் வெள்ளை மங்கலாக வருகிறது என்று டெவலப்பர் மேல் பழி போடுகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பாருங்கள் என்பேன்.

பெராக்சைடுக்கு வருகிறேன். பாதுகாப்பு என்று மட்டும் கேட்டால் இதுதான் முதல் பரிசு. மெடிக்கல் ஷாப்பில் 6 சதவீதப் பாட்டில், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலம், இரண்டே பொருள். வேலை முடிந்ததும் பெராக்சைடு தண்ணீரும் ஆக்சிஜனுமாகிப் போய்விடும். கறை இல்லை, மாங்கனீஸ் இல்லை.

எக்ஸ்ரே துண்டைப் போட்டுவிட்டு லூப் என்னும் உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால் என்ன நடக்கிறது என்பது நன்றாகத் தெரியும். பால் நிறப் பாதியில் எதுவுமே இல்லை. கறுப்புப் பாதியில் மட்டும் ஊசிமுனைக் குமிழிகள் கிளம்புகின்றன. வெள்ளியே பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனை விடுவிக்கும் வினையூக்கி. குமிழி எமல்ஷனுக்கு வெளியே வந்தால் பரவாயில்லை, உள்ளேயே பிறக்கிறதுதான் பிரச்சினை. ஜெலட்டினுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கொப்புளமாக எழும்பி, காய்ந்ததும் அம்மைத் தழும்பாக நிற்கிறது. வானம், வெள்ளைச் சுவர் என்று படத்தில் வெளிச்சமான இடங்களில்தான் வெள்ளி அதிகம், அங்கேதான் தழும்பும் அதிகம். கோட்டைச் சுவருக்கு மேலே இருக்கிற வானம் ஸ்லைடில் புள்ளி புள்ளியாக வந்தால் யார் பார்ப்பார்கள்?

அமிலத்தைக் கூட்டினால் குமிழி குறைகிறது. குளிர வைத்தாலும் குறைகிறது, ஆனால் பிளீச் அரை மணி நேரத்துக்கு இழுத்துத் திட்டுத் திட்டாக முடிகிறது. சூடாக்கினால் வேகம் வருகிறது, கொப்புளமும் வருகிறது. 30 சதவீதப் பெராக்சைடு வாங்கினால் வேகமாகாதா என்று கேட்பார்கள். அது தோலில் பட்டால் வெள்ளை வெள்ளையாகச் சுட்டுவிடும், பாட்டிலுக்குள் ஏதாவது அழுக்கு விழுந்தால் பொங்கும், அடர் அசிடிக் அமிலத்தோடோ அசிட்டோனோடோ சேரவே கூடாது. பாதுகாப்புக்காகத்தானே இந்தப் பக்கம் வந்தோம். ஃபிலிமுக்குப் பெராக்சைடு வேண்டாம் என்பது என் முடிவு. இன்னொரு ஃபிலிமில் வேறு மாதிரி அமையலாம், எக்ஸ்ரேயிலும் என்னிடம் இருந்த 35 மி.மீ. சுருளிலும் அமையவில்லை.

இப்போது நான் கழுவுகிற முறை இப்படி.

முதல் டெவலப்பர் கோடாக்கின் டி-19 சூத்திரம், அதில் லிட்டருக்கு 2 கிராம் சோடியம் தயோசயனேட். கோடாக் இதற்கு டி-67 என்று பெயர் வைத்திருக்கிறது. தயோசயனேட் கொஞ்சம் புரோமைடைக் கரைத்து வெள்ளைப் பகுதிகளைத் துலக்குகிறது, அது இல்லாவிட்டால் ஸ்லைடு இருட்டாக வரும். நேரம் ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும், துண்டு வெட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டெவலப்பர் மிச்சம் இல்லாமல் நன்றாக அலசிவிடுகிறேன். மிச்சம் இருந்தால் பர்மாங்கனேட்டை அது தின்றுவிடும், கறையும் கூடும்.

பிளீச்சை இரண்டு பாட்டிலில் வைத்திருக்கிறேன். ஒன்றில் லிட்டருக்கு 4 கிராம் பர்மாங்கனேட். வெந்நீரில் கரைத்து, ஆறிய பிறகு காபி ஃபில்டர் தாளில் வடித்துக்கொள்வேன், கரையாத ஒரு துகள் ஃபிலிமில் ஒட்டினால் அங்கே ஓட்டை. மற்றொன்றில் லிட்டருக்கு 80 கிராம் பைசல்பேட், 100 கிராம் நீரற்ற சோடியம் சல்பேட். தனித்தனியாக இருக்கும் வரை இரண்டும் நாள்பட நிற்கும். வேண்டும்போது சமமாகக் கலந்து, ஒரு தடவைக்கு மட்டும் பயன்படுத்துகிறேன், கலந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே பலம் இறங்கிவிடும். 20 டிகிரியில் ஐந்தாறு நிமிடம். ஊதா நிறம் நடுவிலேயே பழுப்பாகத் திரிந்தால் பிளீச் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், புதிதாக ஊற்ற வேண்டும். பர்மாங்கனேட் பொடியின் மேல் அடர் கந்தக அமிலத்தை நேராக ஊற்றும் யோசனை யாருக்கும் வரக் கூடாது, வெடிக்கும். பர்மாங்கனேட்டோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு. கிளிசரின் பட்டால் தீப்பிடிக்கும். பாதுகாப்பான பிளீச் என்று நான் சொல்வது டைக்ரோமேட்டோடு ஒப்பிட்டு மட்டுமே.

வெப்பநிலைக்கு மீன்காரர் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டிதான் கை கொடுக்கிறது. எல்லா பாட்டிலும், அலசும் தண்ணீர் உட்பட, ஐஸ் தண்ணீரில் நின்று ஒரே அளவுக்கு வந்த பிறகுதான் தொடங்குவேன். ஒரு குளியலுக்கும் அடுத்ததற்கும் நாலைந்து டிகிரி வித்தியாசம் இருந்தால் ஜெலட்டின் வலை வலையாகச் சுருங்கிவிடும்.

பிளீச் முடிந்து அலசியதும் 25 கிராம் மெட்டாபைசல்பைட் போட்ட ஒரு லிட்டர் கரைசலில் இரண்டு நிமிடம். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், கந்தகப் புகை நெஞ்சில் ஏறும், ஆஸ்துமா உள்ளவர்கள் சோடியம் சல்பைட்டுக்குப் போய்விடுவது நல்லது. அப்புறம் ரீலிலிருந்து ஃபிலிமைப் பிரித்து, 100 வாட் பல்பிலிருந்து ஒரு கை தூரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிடம். மாடியில் வெயிலில் காட்டிவிடலாமே என்று தோன்றும், நம்ம ஊர் வெயிலில் புரோமைடு தானாகவே கறுத்துப்போகும், வேண்டாம். இரண்டாம் டெவலப்பர் தயோசயனேட் இல்லாத டி-19, படம் முழுக்கக் கறுக்கும் வரை. கடைசியில் படிகாரம் சேர்ந்த ஹைப்போ, அலசல், உலர்த்தல். உலரும் வரை எமல்ஷன் பக்கம் விரல் படவே கூடாது.

கழிவு விஷயம். தீர்ந்த பிளீச்சில் மெட்டாபைசல்பைட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் ஊதா போய் நிறமற்றதாகிவிடும். அதில் ஒரு கரண்டி சாப்பாட்டு உப்பு. இவ்வளவு நேரம் விரட்டிய குளோரைடு இங்கே உதவிக்கு வருகிறது, கரைந்திருந்த வெள்ளி வெண்தயிராக அடியில் படிகிறது. தெளிந்த நீரை வடித்து, சமையல் சோடா போட்டு நுரை நிற்கும் வரை அமிலத்தை முறித்துவிட்டு ஊற்றுகிறேன். வண்டலை ஒரு பாட்டிலில் சேர்த்துவைக்கிறேன், வெள்ளி பிரிக்கிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு பழைய ஸ்டுடியோக்காரர் கடையைக் காலி செய்யும்போது கொடுத்த டைக்ரோமேட் பாட்டில் ஒன்றும் என்னிடம் வந்து சேர்ந்தது. அதைத் தூக்கி எறிய முடியாது, வைத்திருக்கவும் முடியாது. பாய் சொன்ன வழியில் அமிலமும் மெட்டாபைசல்பைட்டும் சேர்த்து ஆரஞ்சு நிறம் முழுக்கப் பச்சையாகும் வரை காத்திருந்து, சுண்ணாம்பு போட்டு வண்டலாக்கினேன். ஆறு இணைதிறன் மூன்றாகிவிட்டாலும் அது குரோமியம்தான். வண்டல் தோல் ஷாப்பின் அபாயக் கழிவோடு போயிற்று.

கத்திரி வெயிலில் ஃபிலிம் ரிவர்சலை நான் தொடுவதில்லை, ஐஸ் வாங்கியே காசு கரைந்துவிடும். அந்த மாதங்களில் பெராக்சைடுக்கு வேறு வேலை கொடுக்கிறேன். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஃபோட்டோ பேப்பரைத் லென்ஸுக்குப் பதில் ஊசித்துளை உள்ள தகர டப்பா பின்ஹோல் கேமராவில் வைத்து எடுத்து, அதையே ரிவர்சல் செய்தால் நேர்ப்படப் பிரிண்ட். பேப்பரில் எமல்ஷன் மெல்லிசு, வெள்ளி குறைவு, கொப்புளம் எழும்புவதில்லை. 6 சதவீதப் பெராக்சைடு ஒரு லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு, அறையின் வெப்பத்திலேயே, தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தால் கறுப்பு சில நிமிடங்களில் போய்விடுகிறது. 35 டிகிரி வெக்கை இதற்கு உதவி. முதல் டெவலப்பர் மட்டும் அந்தச் சூட்டில் வேகமாக ஓடும், நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.